சராசரி வாங்குநர்

பார் வீதியில் பெயர்ப்பலகை மாட்டிய அன்று
'புலமைச் சொத்து' என்பதை எழுத்துக்கூட்டி வாசித்து
உள்ளே வந்த முதல் ஆள் கேட்டார்:
"எத்தனை பேர்ச், பிள்ளை? உறுதி சரியா?"

வேலி நகர்ந்த கதையோடு வருகிறவர்களை
எதிர் அறைக்கு, தயாபரன் சேரிடம், அனுப்பிவிட்டு
தயிர்ச்சட்டியின் வாயில் கட்டிய காகிதத்தைப்
பூதக்கண்ணாடியால் பார்த்திருப்பேன்.
படுவான்கரை எருமை இரண்டு.
ஒன்று இடப்பக்கம் பார்க்கிறது, மற்றது வலப்பக்கம்.
கொம்பின் வளைவைப் பற்றி மட்டும்
பதினொரு பக்கம் எழுதினேன்.

புதுக்கடைக்கு இரவு பஸ்.
மன்னம்பிட்டியில் தேத்தண்ணி.
மடியில் இரண்டு அரிசிப் பை:
சம்மாந்துறை மஃறூபின் 'தங்கக் கதிர்',
அவருடைய மச்சானின் 'தங்கக் கதிரவன்'.
விடிய விடிய இரண்டும் என் முழங்காலில்
ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன.

அருகருகே வைத்துப் பாராதே என்கிறது சட்டம்.
அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும்
ஒரு சராசரி வாங்குநரின் கண்ணால் பார்.

இருபத்திரண்டு வருடம் அந்த ஆளை வைத்தே பிழைத்தேன்.
வயது தெரியாது. ஊர் தெரியாது.
அவசரக்காரர். நிறத்தை நம்புவார்.
பெயரில் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்.
ஒருநாள் கல்முனைச் சந்தையில்
காலையிலிருந்து நின்று அவரைத் தேடினேன்.
எல்லாரும் பையைத் திறக்கச் சொன்னார்கள்,
முகர்ந்தார்கள், ஒரு மணியைப் பல்லில் கடித்தார்கள்,
பிறகுதான் காசை எடுத்தார்கள்.
இதை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை.

பாசிக்குடா ஹோட்டல்காரர் ஒருவருக்கு
பாடும் மீன் வேண்டுமாம், தனக்கு மட்டும்.
மீனிடம் சம்மதக் கடிதம் வாங்கி வாருங்கள் என்றேன்.
சிரித்துவிட்டுக் கொழும்பில் வேறு ஆள் பிடித்தார்.

மறுகா பரிமளகாந்தி வந்தாள்.
கல்லடிப் பாலத்து ஏற்றத்தில்
இருபதடி உயரத்தில் சிரிக்கிறாள் அவள்:
'கடனா? கவலை வேண்டாம்!'
மீன் சந்தைக்குக் கமராவோடு வந்த பெடியன்
"சும்மா சிரியுங்கக்கா" என்றானாம்.
சும்மாதான் சிரித்தாளாம்.
"இப்ப சீட்டுக்காரி வாசல்ல வந்து நிக்கிறா மனே,
படத்துக்குக் கிடைச்ச காசக் காட்டு எண்டு.
அந்தக் கம்பனிக்கே நான்
நாப்பத்தாறாயிரம் குடுக்கக் கிடக்கு."

எருமைக்கு என்னிடம் பிரிவு இருந்தது.
கதிருக்கு இருந்தது.
விளம்பரம் பார்ப்பவரை ஏமாற்றக்கூடாது என்றும் இருந்தது.
சிரித்தவளுக்கு நேராக ஒன்றும் இல்லை.
இருந்தவற்றை முடிந்து, ஒட்டுப்போட்டு
மூன்று பக்கக் கடிதம், பதினாலு நாள் தவணை.
ஒன்பதாம் நாள் இறக்கினார்கள்.
முதலைக் கழித்தார்கள்.
வட்டிக்குத் தலைமையகத்தைக் கேட்கவேண்டும் என்றார்கள்,
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
என் கட்டணம் ஒரு பை கூனி இறால்.

அந்த பிளெக்ஸ் சீலையை அவள் விடவில்லை.
"எண்ட முகம்தானே" என்று
லொறிக்காரனோடு வாய் கொடுத்துப் பறித்துப்போய்
நாவலடியில் கருவாட்டுப் பந்தலுக்குக் கூரை போட்டாள்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். மழை இருட்டு.
பந்தலுக்குள் குனிந்து அண்ணாந்தால்
எழுத்துகள் புறம்மாறித் தெரிந்தன.
நடுவில் மங்கலாய் ஒரு பல்வரிசை,
அதன் மேல் காகம் நடக்கிற நிழல்.
முகத்துக்குக் கீழே அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.
ஒத்த சாயல் இல்லை.

அரைக்கிலோ நெத்தலி கேட்டேன்.
முகர்ந்து, ஒன்றை ஒடித்துப் பார்த்து
வாங்கினேன்.